பிரசன்ட் மிஸ்

ரெஜினா மிஸ் சனிக்கிழமை சாயங்காலங்களில் சும்மா இருக்கச் சொல்லிக் கொடுத்தார்.

"இதுக்கு பீஸ் எவ்வளவு மிஸ்?" என்று முதல் நாள் கேட்டாள் ஜெனிட்டா.

"சும்மாதான்."

தூத்துக்குடியில் ஒரு தையல் கடைக்கு மேலே, பாய் விரித்த அறை. கான்வென்ட்டில் பல வருஷம் வகுப்பெடுத்த பழக்கம் மிஸ்ஸை விடவில்லை. எல்லாரும் கண்ணை மூடி உட்காரும் முன்பு ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார். எல்லாம் மனப்பாடம். கான்வென்ட் வாசலையே மிதிக்காத சங்கரவேல் அண்ணாச்சி, உப்பு லாரி ஓட்டுகிறவர், அவர்கூட கரகரத்த குரலில் "பிரசன்ட் மிஸ்" என்பார்.

ஜெனிட்டாவுக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. அப்புறம்தான் மகனுக்குக் காய்ச்சல் வந்தது.

ஏடனுக்கு மூன்று வயது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஒரு காலில் மட்டும் செருப்போடு அவள் ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. பிள்ளை அழுதான். கொஞ்ச நேரத்தில் பிஸ்கட் கேட்டான்.

"காய்ச்சல் ஏறினா சில பிள்ளைங்களுக்கு இப்படி வலிப்பு வரும்மா," என்றார் டாக்டர். "வளர வளரப் போயிடும்."

"இனிமே வராதுல்லா டாக்டர்?"

"பெரும்பாலும் வராது."

அந்தப் 'பெரும்பாலும்' அவளோடு ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தது. வீட்டில் எல்லாரும் தூங்கினார்கள். அது மட்டும் தூங்கவில்லை. அவளையும் தூங்க விடவில்லை.

கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் ராய்ஸ்டன் போனில் அவள் அழுகையைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் டிங்கு என்ற ரோபோ பொம்மையை வாங்கி அனுப்பினான்.

முழங்கால் உயரம். வெள்ளை உடம்பு, உருண்டைக் கண், மனுஷனைப் போலக் கை கால். துண்டு மடிக்கும். சிதறிக் கிடக்கும் பொம்மைகளைப் பொறுக்கிக் கூடையில் போடும். பாட்டுப் போட்டால் இடுப்பை ஒடித்து ஆடும். ஒரு தடவை பார்த்ததைத் திருப்பிச் செய்யும். அது பார்ப்பதும் கேட்பதும் அவள் போனுக்கு வந்துவிடும்; போனில் அவள் பேசினால் அதன் வாயில் வரும்.

ஆட்டமும் பாட்டும் ஏடனுக்கு. ஜெனிட்டாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"டிங்கு, ஏடன் எப்படி இருக்கான்?"

"குழந்தை நலமாக உள்ளது," என்று ரேடியோச் செய்தி மாதிரிச் சொல்லும்.

அரிசி களைந்து உலையில் போடுவதற்குள் மறுபடி கேட்பாள். குளியலறையில் ஒரு செம்பு ஊற்றிவிட்டுக் கேட்பாள். டிங்குவுக்குச் சலிப்பே கிடையாது. மனுஷராக இருந்தால் நாலாம் தடவை எரிந்து விழுந்திருப்பார்கள். கேள்வியும் அதோடு நின்றிருக்கும்.

"நான் ஒருத்தி இங்கனயே குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்," என்பாள் மாமியார். "என்கிட்டக் கேக்காம பொம்மைகிட்டப் போய்க் கேக்கா பாரு."

"உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்லா மாமி."

"ஆமா, உனக்குத்தான் ரொம்பத் தெரியுது."

சனிக்கிழமை வந்தது. பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? போகாமலும் இருப்பு கொள்ளவில்லை. யோசித்து யோசித்து, டிங்குவை அனுப்பினாள். அடுத்த தெரு சங்கரவேல் அண்ணாச்சி அதை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் கூட்டிப்போனார்.

மிஸ் பேர் கூப்பிட்டார்.

"ஜெனிட்டா."

"பிரசன்ட் மிஸ்," என்றது டிங்கு, ஜெனிட்டாவின் குரலில்.

அறை சிரிப்பில் குலுங்கியது. "எம் மவன் காலேஜ்லதான் ப்ராக்ஸி குடுப்பான். இங்கயுமா?" என்றார் அண்ணாச்சி.

"சரி, உட்காரு," என்றார் மிஸ்.

டிங்கு சம்மணம் போட்டது. மற்றவர்கள் கொசு அடித்தார்கள், கால் மாற்றினார்கள், கொட்டாவி விட்டார்கள். டிங்கு ஆடவில்லை, அசையவில்லை.

முடிந்ததும் அது கையைத் தூக்கியது. கேள்வி கேட்கும் முன் கையைத் தூக்குவது ஜெனிட்டாவுக்குக் கான்வென்ட்டில் படித்தபோது ஊறிய பழக்கம். வீட்டிலிருந்து போன் வழியாக அவள்தான் தூக்க வைத்தாள்.

"மிஸ், இந்தப் பயம் எப்ப மிஸ் போகும்?"

மிஸ் குனிந்து அதன் உருண்டைக் கண்ணைப் பார்த்தார். "இதுக்குத்தான் பயமே இல்லையே. கொசு வந்து உட்கார்ந்தப்பக்கூட அசையல. இதுக்கு நான் என்ன சொல்லித் தர?"

"எனக்கு மிஸ்."

"நீ எங்க இருக்க?"

"வீட்லதான் மிஸ். ஏடன் பக்கத்துலயே." அவன் அவளுடைய நைட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "இருடா, அம்மா பேசுதேன்லா."

"பிள்ளை என்னமோ சொல்லுதானே."

"நல்லாத்தான் இருக்கான் மிஸ்."

"அதைக் கேக்கல. என்ன சொல்லுதான்?"

ஜெனிட்டா வாயைத் திறந்தாள். அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளே போனாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாமி, கட்டிலுக்கு எதிரே டிங்கு. பாயில் உட்கார்ந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் போர்வை மேலே ஏறியது, இறங்கியது. அவளும் கூடவே மூச்சு விட்டாள்.

"ஜெனிட்டா," என்றார் மிஸ்.

போர்வை ஏறியது.

"ஜெனிட்டா!"

இறங்கியது. மறுபடி ஏறக் கொஞ்சம் தாமதமானது போலிருந்தது. அவள் திரையை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

அப்போது அவள் கையிலிருந்த போனிலிருந்து, போன வாரம் கற்றுக்கொண்டதை மறக்காத டிங்குவின் குரல் வந்தது. "பிரசன்ட் மிஸ்."

அண்ணாச்சி சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜெனிட்டா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மிஸ் எழுந்து செருப்பை மாட்டினார். "வா, உன் வீட்டுக்குப் போவோம்."

"கிளாஸ் மிஸ்?"

"அண்ணாச்சி பாத்துக்குவார். சும்மா இருக்கிறதுதானே."

ஆட்டோவில் அவள் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். மிஸ் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். 

வாசலிலேயே மாமி சொன்னாள். "எந்திரிச்சுப் பால் குடிச்சுட்டு விளையாடுதான். வா மிஸ், உள்ள வா. நீயாவது இவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லு."

உள்ளே ஏடன் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். டிங்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. அம்மாவைக் கண்டதும் அவன் எழுந்தான். ஓடி வரவில்லை. நடந்து வந்து, முன்னால் நின்று, கண்ணை மூடி நெற்றியை நிமிர்த்திக் காட்டினான்.

அவளுடைய புறங்கை தானாகப் போய் நெற்றியில் பதிந்தது. அவன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தான். கை கழுத்துக்குப் போனது. மறு பக்கமும் சாய்த்துக் காட்டினான்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கட்டைகளுக்குத் திரும்பினான்.

மிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் ஜெனிட்டாவுக்கும் அது கண்ணில் பட்டது. மற்றப் பிள்ளைகள் அம்மா வந்தால் கன்னத்தைக் காட்டும்.

"நான் என்ன மிஸ் செய்ய? கண்ணை எடுக்கிற அந்த ஒரு நிமிஷத்துல வந்துட்டா?"

மிஸ் டிங்குவின் பக்கம் திரும்பினார். "டிங்கு, ஏடன் எப்படி இருக்கான்?"

"குழந்தை நலமாக உள்ளது."

"நாளைக்கு?"

டிங்குவின் கண் இரண்டு தரம் மின்னியது. "மன்னிக்கவும். அந்தத் தகவல் என்னிடம் இல்லை."

"என்கிட்டயும் இல்ல," என்றார் மிஸ். "டாக்டர்கிட்டயும் இல்ல. பாவம் அவரு, 'பெரும்பாலும்'னு சொல்லிப் பாத்திருக்காரு."

"அப்ப யாருகிட்டத்தான் மிஸ் கேக்க?"

மிஸ் கட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

"டிங்கு."

"பிரசன்ட் மிஸ்."

"ஏடன்."

அவனுக்கு ஒரே குஷி. குதித்து நின்று, டிங்குவைப் போலவே விறைப்பாக, "பிரசன்ட் மிஸ்!" என்றான்.

குதித்ததில் அவன் முகம் சிவந்திருந்தது. ஜெனிட்டா மண்டியிட்டு அவன் கழுத்தில் கை வைத்தாள். சூடா? குதித்த சூடா? இல்லை, வெளியிலிருந்து வந்த தன் கைதான் சுடுகிறதா?

"ஜெனிட்டா," என்றார் மிஸ்.

ஏடன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கை அவன் கழுத்தில் இருந்தது. கண் எங்கேயோ இருந்தது. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவளுக்காகத் தானே பதில் சொன்னான்.

"அம்மா இன்னும் வரல மிஸ்."

"சரி, வரட்டும்," என்றார் மிஸ். "அது வரைக்கும் நாம சும்மா இருப்போம்."