ஏழாவது கோளின் இடம்

மலைமேல் இருக்கிற அந்தக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அடிவாரத்து ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சாமியார் மடம். காரணம் இல்லாமல் இல்லை. உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றுகிறார்கள். கைபேசியைப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறார்கள். அதற்கப்புறம் பொழுது சாயும்வரை தணிந்த குரலில் பேசிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வழிகாட்டும் செயற்கைக்கோள்களைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. கல்யாண மண்டபம் எங்கே என்று கைபேசியைத் தடவுகிறவனுக்கு மேலே இருந்து கைகொடுப்பவை இந்தக் கோள்கள்தான். பந்தியில் உட்கார்ந்தபின் அவன் அவற்றை நினைப்பதில்லை. அவையும் அதை எதிர்பார்ப்பதில்லை.

மடம் என்றால் குரு வேண்டும். கோள்களின் பாதையைத் திருத்தும் பிரிவுக்குப் பொறுப்பு பௌசியா. வயது முப்பத்து மூன்று. அவரிடம் புதிதாகச் சேர்ந்த சீடர் தங்கப்பழத்துக்கு நாற்பத்தாறு. ஆறு வருஷம் ஒரு தீவில், கோள்களை நோக்கித் திரும்புகிற பெரிய ஆன்டெனாவைப் பராமரித்தவர். துறைத் தேர்வு எழுதி, கெஞ்சிக் கூத்தாடி இங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பாதைக் கணக்கின்மேல் உள்ள ஆசையால் அல்ல. மனைவி பொன்செல்வியும் மகள் மதிவதனியும் அடிவாரத்து ஊரில் இருந்தார்கள்.

வந்த வாரமே அவர் கேட்டார்.

"மேடம், ஆறு வருஷம் ஆன்டெனாவ இதுங்க பக்கம் திருப்பியிருக்கேன். யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு. இதுல எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்குமா?"

"இல்ல சார்."

"பின்ன எப்படிப் போகுது?"

"விழுந்துக்கிட்டிருக்கு."

தங்கப்பழம் சிரித்தார். பௌசியா சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சார். இருபதாயிரம் கிலோமீட்டர் உசரத்துல இருந்து பூமியப் பாத்து விழுந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா பக்கவாட்டுல ஒரு வேகம் இருக்கு. செகண்டுக்கு நாலு கிலோமீட்டர் கிட்ட. அது விழுறதுக்குள்ள பூமி வளைஞ்சு விலகிடுது. அதனால தரையத் தொடுறதே இல்ல."

"செகண்டுக்கு நாலு கிலோமீட்டரா?"

"திருநெல்வேலியில கெளம்பினா மூணு நிமிஷத்துக்குள்ள சென்னை. அப்படி ஓடியும் பூமிய ஒரு நாளைக்கு ரெண்டு சுத்துதான் சுத்தும். வட்டம் அவ்வளவு பெருசு."

"இதவிட வேகமாப் போறது உண்டா?"

"கீழ சுத்துறதெல்லாம் இதவிட வேகம். ஒண்ணர மணி நேரத்துல ஒரு சுத்து முடிச்சிடும். பூமிகிட்ட வர வர ஓட்டம் கூடும், வட்டம் சின்னதாகும். தள்ளிப் போகப் போக ரெண்டும் மாறிடும்."

தங்கப்பழம் பலமாகத் தலையாட்டினார். காதில் வாங்கியது கைக்கு வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் அவர் பாடு வேறு மாதிரி இருந்தது. தீவுக்குப் போனபோது மதிவதனிக்கு ஒன்பது வயது. பைக் சத்தம் கேட்டாலே தெருவுக்கு ஓடிவருகிற பிள்ளை. இப்போது பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அவர் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய அன்று, "வாங்கப்பா, உக்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல, டம்ளருக்கு அடியில் ஒரு தட்டு வைத்து. அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்தத் தட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

விட்ட ஆறு வருஷத்தையும் ஒரே மூச்சில் பிடித்துவிடுவது என்று கிளம்பினார் மனுஷன். டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். முடியும்வரை வாசலிலேயே நின்றார். கைப்பந்துப் பயிற்சிக்கு மைதான ஓரத்தில் குடையோடு காத்திருந்தார். ஷிப்டு முடிந்து பெட்டியிலிருந்து கைபேசியை எடுத்ததும் முதல் வேலையாக 'சாப்பிட்டியா' என்று அனுப்பினார். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பினார். மதிவதனி எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்றாள். டியூஷனை நிறுத்தினாள். மைதானத்துக்குப் போவதைக் குறைத்தாள். கடைசியில், கோவில்பட்டியில் ஹாஸ்டலில் தங்கி மேல்வகுப்பு படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்லச் சொல்லியும் கேட்டுக்கொண்டாள்.

தங்கப்பழம் முடியாது என்றார். அவள் அதற்கும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை.

இந்த நேரம் பார்த்து ஏழாவது கோள் தடுமாறியது. ஏதோ ஒரு கோளாறில் தன்னை நிமிர்த்திக்கொள்ள அதுவே சின்னச் சின்ன உந்தாகக் கொடுத்துக்கொண்டதில், பாதை கொஞ்சம் உயர்ந்து, தன் இடத்திலிருந்து பின்தங்கிவிட்டது. ஒவ்வொரு கோளுக்கும் வட்டத்தில் ஓர் இடம் உண்டு. அந்த இடமும் ஓரிடத்தில் நிற்பதல்ல. மற்ற கோள்களோடு சம இடைவெளியில், அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது. ஏழாவது கோள் ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும்.

"நீங்களே கணக்குப் போடுங்க சார்" என்றார் பௌசியா. "மாதிரித் திரையில ஓட்டிப் பாருங்க."

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரையும் தப்பு என்று சொல்வதில்லை. ஓட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வார்கள். மாதிரித் திரையில் கொடுக்கும் கட்டளை மேலே போகாது. ஆனால் மேலே என்ன நடக்குமோ அதை, பல நாளைச் சில நிமிஷமாகச் சுருக்கி, ஒளிக்காமல் காட்டிவிடும்.

தங்கப்பழம் யோசிக்கவே இல்லை. பின்தங்கிய கோளை முன்னால் தள்ளினார். மலைப்பாதையில் பைக் ஓட்டுகிற எவரும் அதைத்தான் செய்வார்.

கோள் கொஞ்சம் முன்னே போனது. அவர் முகம் மலர்ந்தது. அரைச் சுற்று முடிவதற்குள் அது பின்வாங்க ஆரம்பித்தது. இடைவெளி முன்பிருந்ததைவிடக் கூடிவிட்டது.

"தள்ளினது பத்தல போல" என்றார்.

"ஓட்டிப் பாருங்க."

இன்னும் பலமாகத் தள்ளினார். இன்னும் பின்னால் போனது. விடுவாரா? மறுபடியும் தள்ளினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஏழாவது கோள் பூமிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. எரிபொருள் தீர்ந்தது என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

பௌசியா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சாப்பிடும் இடத்தில் தங்கப்பழம் எலுமிச்சைச் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தார். ஒரு வாய் இறங்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? வேலை விஷயம் இல்ல."

"கேளுங்க."

தண்ணீர் டம்ளர், தட்டு, டியூஷன் வாசல், ஹாஸ்டல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஊரில் வேறு யாரிடமும் அவரால் சொல்ல முடிந்திருக்காது.

"ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டா அவ்வளவுதான் மேடம். ரெண்டு வருஷம். அப்புறம் காலேஜ். எனக்குன்னு மிச்சம் இருக்கறதே இந்த ரெண்டு வருஷந்தான். எம் புள்ள எனக்கு முன்னால எங்கயோ போயிட்டா. நானும் நாயா ஓடித்தான் பாக்கேன். எப்படி மேடம் புடிக்கறது?"

பௌசியா டப்பாவை மூடினார்.

"சாப்பிட்டுட்டு வாங்க சார். இந்தத் தடவ பின்னாடி தள்ளுங்க."

"பின்னாடியா? அது ஏற்கெனவே பின்தங்கித்தான கெடக்கு?"

"ஓட்டிப் பாருங்க."

மாதிரித் திரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அரை மனசோடு, ஓடுகிற திசைக்கு எதிராக ஒரு தள்ளு கொடுத்தார். கோள் இன்னும் பின்தங்கியது. அவர் திரும்பப் பழைய நிலைக்கே கொண்டுபோகப் பார்த்தார். அதற்குள் அது மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க ஓட்டம் கூடியது. ஒரு சுற்று முடியும்போது இடைவெளி குறைந்திருந்தது. அடுத்த சுற்றில் இன்னும் குறைந்தது. யாரும் அதைத் தள்ளவில்லை.

தங்கப்பழம் திரையையே பார்த்தார்.

"முன்னாடி தள்ளினா ஏன் மேடம் பின்னாடி போச்சு?"

"தள்ளினா உசரப் போயிடும் சார். உசரப் போனா வட்டம் பெருசு, ஓட்டம் கம்மி. எவ்வளவு தள்ளுறோமோ அவ்வளவு லேட்டு."

"எவ்வளவு பின்னாடி தள்ளணும்?"

"நிஜக் கோளுக்கா? நாம மெதுவா நடக்கற வேகம் எவ்வளவோ, அவ்வளவு."

"நாலு கிலோமீட்டர்ல அவ்வளவுதான் கொறைக்கணுமா?"

"அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், சட்டையைக்கூட மாற்றாமல் மகளின் அறை வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

"ஹாஸ்டலுக்குப் போறியாம்மா?"

மதிவதனி பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் வேண்டாம்னீங்க?"

"போய்ட்டு வா."

"நெசமாவாப்பா?"

"நெசமாத்தான். நான் கூட வரட்டுமா, வேண்டாமா?"

வந்த நாளிலிருந்து அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாங்கப்பா."

அந்த வாரக் கடைசியில், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார். பையை மேலே ஏற்றிவைத்தார். பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறைந்ததும் அவருக்கு அழுகை வந்தது. பழக்கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். மத்தியானம் மகளிடமிருந்து 'வந்துட்டேன்' என்று வந்தது. 'சாப்பிட்டியா' என்று அடித்தார். அழித்தார். 'சரிம்மா' என்று மட்டும் அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் ஏழாவது கோளுக்கு நிஜக் கட்டளை போனது. பொத்தானைத் தங்கப்பழத்தையே அழுத்தச் சொன்னார் பௌசியா. சின்னத் தள்ளு, பின்னால். மேலே எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. திரையில் ஒரு எண் மட்டும் கொஞ்சம் மாறியது.

மாதிரித் திரையில் நிமிஷத்தில் முடிந்தது, நிஜத்தில் நாள் கணக்காக நகர்ந்தது. தங்கப்பழம் ஷிப்டுக்கு முன்னதாகவே வந்து இடைவெளியைப் பார்த்தார். குறைந்துதான் இருந்தது. கண்ணுக்குப் போதாத அளவு குறைந்திருந்தது.

"மேடம், இன்னொரு சின்னத் தள்ளு?"

"வேண்டாம் சார்."

"சும்மா உக்காந்திருக்கவா?"

"எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டிருங்க. கைய மட்டும் வைக்காதீங்க."

பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடமிருந்து இரண்டு நாளாக ஒரு செய்தியும் இல்லை. அவரும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள், பாதி ஷிப்டில், நாற்காலியைத் திருப்பிக் கேட்டார்.

"மேடம், இது போய்ச் சேர இன்னும் நாளாகும். ரொம்ப நாளா இது அங்க இல்ல. நாம போறதுக்குள்ள அந்த எடத்துல வேற எதையாச்சும் வச்சிட்டாங்கன்னா?"

பௌசியா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"வைக்க மாட்டாங்க சார். அது ஏழாவதோட எடம். இது போய்ச் சேர்ற வரைக்கும் காலியாத்தான் ஓடிக்கிட்டிருக்கும்."