நாமகிரியம்மையார் படைத்த ஜாங்கிரி

சிங்கமலை அடிவாரத்தில், நரசிம்மப் பெருமாள் கோயில் படிக்கட்டுக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அங்கே பந்தி முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு எச்சில் இலைகளை வாரிக் கூடையில் போடுகிறவர் நாமகிரியம்மையார். ஊர்க்காரர்கள் வெறும் நாமகிரி என்பார்கள். நான் அம்மையார் என்றுதான் சொல்வேன். ஏன் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

முகூர்த்த நாளென்றால் நாலு பந்தி, ஐந்து பந்தி. இலையைத் தூக்கும்போதே ரசமும் மோரும் கலந்து முழங்கை வரை வழியும். கடைசி இலையை எடுத்து முடிக்கையில் இடுப்பு நிமிராது. அப்படியே குழாயடியில் கைகால் அலம்பிக்கொண்டு நேரே மலைப்படி ஏறிவிடுவார். புடவையில் சாம்பார் வாடை போகாது என்பதால் கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போகமாட்டார். அங்கேயே நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடுவார். பிறகு ஒன்று வேண்டுவார் பாருங்கள், கேட்டால் தூக்கிவாரிப் போடும்.

"நரசிம்மா, அந்தப் பொன்னுரங்கத்த விட்றாத!"

அவ்வளவுதான் வேண்டுதல். நோய்நொடி வேண்டாம், காசுபணம் வேண்டும் என்றெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. பன்னிரண்டு வருஷம், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் இதே ஒற்றை வரிதான். பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர்கள் மெல்ல நகர்ந்து போய்விடுவார்கள்.

பொன்னுரங்கம் யார் என்று சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்கு முதலாளி. கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவன்தான். அடியார் கதை சொல்கிறவன் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசக்கூடாது என்பார்கள். பேசாமல் இருக்கலாம்தான், ஆனால் இவனுக்கு 'அவர்' போட என் வாய் வரமாட்டேன் என்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இது. பொன்னுரங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் ஆளுக்கொரு ஜாங்கிரி, உள்ளங்கை அகலத்தில், பாகு சொட்டச் சொட்ட. அம்மையாரின் ஒரே மகள் குமுதவல்லிக்கு அப்போது எட்டு வயது. தகப்பன் இல்லாத பிள்ளை. வீட்டில் விட ஆளில்லாமல் கூடவே கூட்டி வந்திருந்தார். அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டவர் எழுந்துபோன இலையில் கைபடாமல் கிடக்கும் பண்டம் இலை எடுப்பவருக்குச் சொந்தம். அது கூலியில் சேர்த்தி. ஓர் இலையில் ஒரு முழு ஜாங்கிரி அப்படியே கிடந்தது. அம்மையார் கண்ணைக் காட்டினார். குழந்தை எடுத்தது. வாயில் வைப்பதற்குள் எங்கிருந்தோ வந்து நின்றான் பொன்னுரங்கம்.

"யாரு புள்ள நீ? பந்திக்கு வெக்கறதுக்குள்ள களவாண்டு திங்கறயா?"

பளாரென்று ஓர் அறை. ஜாங்கிரி ஒரு பக்கம் போய் விழுந்தது, குழந்தை ஒரு பக்கம் போய் விழுந்தது.

"ஐயோ, இலையில கெடந்ததுங்க! நாந்தானுங்க எடுக்கச் சொன்னேன்!" என்று அம்மையார் ஓடி வந்தார்.

"ஆத்தாளும் மகளும் கூட்டா? ஜாங்கிரித் திருடிய நல்லாத்தான் வளத்திருக்கற!" என்று சிரித்தான். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கிறானே என்று சமையல்காரர்களும் சிரித்தார்கள்.

அறை வாங்கிய கன்னம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. பெயர் ஆறவில்லை. 'ஜாங்கிரித் திருடி' என்று தெருப்பிள்ளைகள் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். வருஷம் போகப்போகத் திருடியை விட்டுவிட்டு 'ஜாங்கிரி' என்றே ஆக்கிக்கொண்டார்கள். பிரியமானவர்கள்கூட, "ஜாங்கிரி, ஒரு கொடம் தண்ணி கொண்டா கண்ணு" என்பார்கள். குமுதவல்லி என்றொரு பெயர் இருப்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து ஒரு துண்டு இனிப்புகூட அதன் நாக்கில் பட்டதில்லை. இந்தக் கொடுமையை எந்தத் தாய் பொறுப்பாள்?

அம்மையார் பொறுக்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாளே ஒரு காலிப் பால்பவுடர் டப்பாவை எடுத்தார். மூடியில் அரிவாள்மனை நுனியால் ஒரு கீறல் போட்டார். டப்பாவை மகள் முன்னால் வைத்துச் சொன்னார்.

"இதுல சேத்துப் பெருமாளுக்கு ஜாங்கிரி படைப்பேன். மடப்பள்ளியில செய்யச் சொல்லி, என்ற கையால இந்த ஊருக்கே குடுப்பேன். அவனும் வந்து கைய நீட்டுவான்ல? அப்பச் சொல்லுவேன், உனக்கு இல்லைன்னு!"

பெருமாளுக்கு விருந்து, பொன்னுரங்கத்துக்குப் பட்டினி. இதுதான் அம்மையாரின் விரதம்.

பால் வாங்கினால் மிஞ்சும் நாலணா டப்பாவில் விழும். ரேஷன் கடையில் திரும்பக் கொடுக்கும் ஒரு ரூபாய் விழும். பஸ்ஸில் போகவேண்டிய இடத்துக்கு நடந்து போய் அந்த டிக்கெட் காசைப் போடுவார். கூலியில் கைவைக்கமாட்டார், அது சோற்றுக்கு. மிச்சம் மீதியாக வரும் சில்லறை மட்டும்தான் சாமிக்கு. ஒவ்வொரு காசு விழும்போதும், "அவனுக்கு இல்ல" என்பார். மற்றவர்கள் நாமம் சொல்லி உருப்போடுவார்கள். இவருக்கு இதுதான் நாமம்.

"அவன் மண்டபத்துலயே எதுக்கு நாமகிரி மாரடிக்கற? சாயப்பட்டறையில கூலி கூடத் தர்றாங்களே" என்று பக்கத்துவீட்டு ரங்காயி ஒருநாள் கேட்டாள்.

"அங்க போனா கோவம் ஆறிப் போயிருமுங்க அக்கா. தெனமும் அவன் மூஞ்சியப் பாத்தாத்தான் சூடு கொறையாம இருக்கும்" என்றார் அம்மையார்.

ஒரு தடவை பாயசம் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு விட்டுப்போயிற்று. இரண்டு மாதம் படுக்கை. அடுப்பு எரியாத நாளும் உண்டு. டப்பாவை உடைத்தால் என்ன என்று கேட்காதவர் இல்லை. "அது பெருமாளோட பண்டம். பசிக்குதுன்னு சாமி சோத்தத் திருடினா, அப்பறம் அவன் சொன்னது நெசமாயிராதா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொன்னபடி டப்பா அசையாமல் மாடத்திலேயே இருந்தது.

ஒன்பது வருஷம் கழித்து டப்பா நிறைந்தது. அதற்கு அப்புறம்தான் பெரிய அடி விழுந்தது. மூடியைத் திறந்து மளிகைக் கடையில் கொட்டினார். கடைக்காரர் விரலால் கிளறிப் பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தார்.

"என்ன நாமகிரி, முக்காவாசி நாலணாவா இருக்குது? நாலணா செல்லாதுன்னு சர்க்கார் நிறுத்திப் போட்டாங்களே, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. டப்பாவில் போட்ட காசைத் திரும்பி எட்டிப் பார்ப்பது பாவம் என்று இருந்தவருக்கு எப்படித் தெரியும்? மாற்றிக்கொள்ளக் கொடுத்த கெடு என்றைக்கோ முடிந்திருந்தது. பாவி மனிதர் சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். அம்மையார் செல்லும் காசை மட்டும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு நேரே மலை ஏறினார். கொடிமரத்தின் முன்னால் நின்று முதல்முறையாகச் சண்டை பிடித்தார்.

"நாலணா செல்லாதுன்னு ஒரு கனவுல வந்து சொல்லக்கூடாதா நீ? சரி போ. மறுக்கா சேப்பேன். நீயும் சளைக்காத, நானும் சளைக்கல."

இதைக் கேட்டு ஒரு கணமாவது சிங்கமுகத்துப் பெருமாள் சிரித்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

மறுபடி மூன்று வருஷம். அதற்குள் குமுதவல்லிக்கு இருபது வயதாகி, கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தட்டுத் தாம்பாளத்தோடு வந்தவர்கள் தெருமுனையில் வழி கேட்டார்கள். "அட, நம்ம ஜாங்கிரித் திருடி வீடுங்களா? நேராப் போங்க" என்று யாரோ நல்லெண்ணத்தில் சொன்னார்கள். வந்தவர்கள் அங்கேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்த பெண் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டது. அழவில்லை. அம்மையாரும் அழவில்லை. மறுநாள் காலையில் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறினார்.

அர்ச்சகர் வரதன் பட்டர் நல்ல மனிதர். காசை வாங்கிக்கொண்டார், வருகிற சுவாதி நட்சத்திரத்தன்று ஜாங்கிரித் தளிகை, அதாவது படையல் என்று நாமகிரி பெயரில் உபயம் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார்.

"நீ பண்ற வேண்டுதல் எனக்குத் தெரியும். ஒருத்தன் மேல வன்மத்தோட படைச்சா பெருமாள் கண்ணெடுத்துப் பாக்கமாட்டார். மனசைக் கழுவிண்டு வா நாமகிரி."

"சாமி, ஒரு கொழந்தைய அடிச்சவன் வயித்தக் கிழிச்சுப்போட்டுத்தான இவரு இங்க வந்து உக்காந்திருக்காரு? அவரு மட்டும் கோவப்படலாம், நான் படக்கூடாதா?"

பட்டர் உபயச்சீட்டை மடித்துக் கொடுத்தார். ஆனால் அவருக்குப் பயம் வந்தது. பெருமாள் ஏற்கமாட்டார் என்றே நினைத்தார். அம்மையாருக்கும் அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. பெருமாள் திரும்பிக்கொண்டால் பன்னிரண்டு வருஷமும் பாழ். அந்த ஒரு வாரம் வேறு நினைப்பே இல்லை. இருந்தும் மனசைக் கழுவவில்லை. கழுவிய மனசைப் படைத்தால் அது பொய் என்று இருந்துவிட்டார்.

சுவாதியன்று காலையில் ஊரே மலைமேல். ஜாங்கிரி என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! அம்மையார் குளித்து, தோய்த்த புடவை கட்டி, வாழ்நாளில் முதல்முறையாகக் கொடிமரத்தைத் தாண்டினார். மகளை வற்புறுத்தி இழுத்து வந்திருந்தார். அது கூட்டத்தின் கடைசியில் ஒரு தூணை ஒட்டி நின்றது. திரை போட்டுத் தளிகை அமுது செய்விக்கப்பட்டது. திரை விலகியது. அடுத்தது அருளப்பாடு.

அருளப்பாடு என்றால், பெருமாளே பெயர் சொல்லி அழைப்பதாக ஐதீகம். அர்ச்சகர் வாயால் பெருமாள் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் 'நாயிந்தே' என்று குரல் கொடுத்து முன்னே வந்து தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொள்ள வேண்டும். சிங்கமலையில் முதல் அழைப்பு எப்போதும் தர்மகர்த்தாவுக்கு. பொன்னுரங்கம் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயில் 'நாயிந்தே'யைத் தயாராக வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றான்.

பட்டர் வாயைத் திறந்தார்.

"அருளப்பாடு... குமுதவல்லி!"

யார் குமுதவல்லி? ஊராருக்குத் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டருக்கே தெரியவில்லை. "நான் பொன்னுரங்கம்னுதான் சொல்ல வாயெடுத்தேன். அப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லை" என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உபயச்சீட்டில் அந்தப் பெயர் இல்லை. அது தெரிந்தவர் அங்கே தாயும் மகளும் இருவர்தான். மூன்றாவதாகத் தெரிந்தவர் கருவறைக்குள் இருந்தார்.

"கண்ணு, உன்னத்தான்! சாமி உன்னத்தான் கூப்புடுது!" என்று அம்மையார் அலறினார். ஏற்றுக்கொண்டார்! கோபத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்! அம்மையார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தூணடியிலிருந்து, யாரும் அதுவரை கேட்டிராத உரத்த குரலில், "நாயிந்தே!" என்று வந்தது. கூட்டம் வழிவிட்டது. 'ஜாங்கிரி' என்று ஒரு வாய்கூட முணுமுணுக்கவில்லை. குமுதவல்லி நடந்துவந்து முதல் தீர்த்தம் வாங்கியது. சடாரிக்குத் தலை குனிந்தது.

பிறகு பிரசாதம். கொடுப்பது உபயக்காரர் உரிமை. அம்மையார் உட்கார்ந்தபடியே இருந்ததால் தட்டை மகள் வாங்கிக்கொண்டது. வரிசை நகர்ந்தது. பொன்னுரங்கமும் வந்துதானே ஆக வேண்டும்? பெருமாள் சந்நிதியில் தர்மகர்த்தா பிரசாதம் வாங்காமல் போனால் ஊர் என்ன பேசும்? முகம் வெளிறிப்போய், கையை நீட்டினான்.

அம்மையார் எழுந்தார். பன்னிரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் சேர்த்து வைத்திருந்த சொல் நாக்குநுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் குமுதவல்லி தட்டில் இருப்பதிலேயே பெரிதாக ஒரு ஜாங்கிரியை எடுத்து அவன் கையில் வைத்தது. ஊருக்கெல்லாம் கேட்கும்படி, பதமாகச் சொல்லிற்று.

"பயப்படாமச் சாப்புடுங்க. இங்க யாரும் உங்கள அடிக்கமாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அன்று சிரித்த சமையல்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். பொன்னுரங்கம் அந்த ஜாங்கிரியைத் தின்னவும் முடியாமல், பிரசாதமாயிற்றே, கீழே போடவும் முடியாமல் நின்றான். பாகு அவன் மணிக்கட்டில் வழிந்தது. எல்லாரும் பார்க்க வாயில் வைத்தான். மெல்லும்போது அவன் கண் கலங்கியது என்கிறார்கள். கலங்கட்டும்.

தாயார் தம் 'இல்லை'யை விழுங்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். தாம் பன்னிரண்டு வருஷம் யோசித்தும் இவ்வளவு நறுக்கென்று தமக்குத் தோன்றவில்லையே என்று வாய்விட்டுச் சிரித்தார். குமுதவல்லி தட்டிலிருந்து ஒரு துண்டு பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டது.

அன்பைப் படைத்தவர் பலர் உண்டு. ஆறாத கோபத்தை ஒரு துளி மறைக்காமல் பெருமாள் முன் வைத்து, அதையும் அமுது செய்ய வைத்த நாமகிரியம்மையார் திருவடிக்கு நம் தலை தாழட்டும்.