கடல் தாண்டாத ஸ்பிரிங்

பம்பு கம்பெனியின் மதிலை ஒட்டி ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்தாள் செல்லாத்தாள். கம்பெனி ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். கேட்கப் போனபோதெல்லாம் மேனேஜர் தயாபரன், "கடல் தாண்டி வந்த சரக்குதான் எங்களுக்குச் சரிப்படும்" என்று விரட்டிவிட்டார்.

ஒரு நாள் வெளிநாட்டு ஸ்பிரிங் ஏற்றிய கப்பல் நடுக்கடலில் நின்றது, கம்பெனியும் நின்றது. முதலாளி பின்னாலிருந்து நெருக்க, தயாபரன் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏம்மா, ஸ்பிரிங் இருக்கா?"

"இருக்குதுங்க. கப்பலேத்தத் தூத்துக்குடிக்கு அனுப்பப் போறனுங்க. கடலை ஒரு சுத்து சுத்திட்டு வந்துரும். இல்லாட்டி உங்களுக்குச் சரிப்படாதுங்களே."

முதலாளி எட்டிப் பார்த்தார். "கடலை விடும்மா, மதிலைத் தாண்டினாப் போதும்."

"அப்ப வருஷ ஆர்டரும் இந்தப் பக்கம் தாண்டி வரட்டுங்க."

முதலாளி சரி என்றார். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் வாங்க மதிலேறிக் குதித்தவர் தயாபரன்தான்.