அரியநாச்சி கையில ரெண்டு பாம்பு

கடலோரத்துல ஒரே ஒரு ஊரு. அந்த ஊர்ல அரியநாச்சின்னு ஒருத்தி இருந்தா. அவ முன்னங்கையில ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு நிக்கும். ஏய், ஏன் காலை மடக்குற? நெசப் பாம்பு இல்ல, பச்சை குத்தினது. அந்த ஊர்ல கல்யாணத்தன்னிக்குப் பொண்ணுக்குக் குத்துவாங்க.

அவ புருசன் முத்துக்கறுப்பன் கப்பலேறிப் போனவன், மூணு வருசமா வரல. அழுது பாத்தா, சாமி கும்பிட்டுப் பாத்தா, அப்புறம் "நானே போய்க் கூட்டியாறேன்"னு அவளும் கப்பலேறிட்டா. மேல நட்சத்திரம், கீழ தண்ணியிலயும் நட்சத்திரம், நடுவுல கப்பல் தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே போச்சாம்.

போய் ஒரு பட்டணத்துல எறங்கினா. அங்க மணலெல்லாம் செவப்பு. அவ கையைப் பாத்ததும், "பாம்புக்காரி! விசம் வைக்க வந்திருக்கா!"ன்னு கல்லெடுத்துத் தொரத்துறாங்க. "எங்க ஊர்ல இதுக்கு அர்த்தம் வேற"ன்னு கத்தினா. யாரு கேட்டா? ஓடி வந்து கப்பலேறினா.

அப்புறம் இன்னொரு பட்டணம். அங்க மூங்கில் வீடெல்லாம் தண்ணிமேல மெதக்குது. அவ கையைப் பாத்ததும் பொத்துனு கால்ல விழுந்து, "மழைத்தாயி வந்துட்டா!"ன்னு கோயில்ல உக்கார வச்சு, பூவாக் கொட்டி, வெளியே பூட்டிட்டாங்க. சாமியை யாராவது ஊருக்கு அனுப்புவாங்களா? "எங்க ஊர்ல இதுக்கு அர்த்தம் வேற"ன்னா. யாரு கேட்டா? நெசமாவே மழை வந்து, ஊரே ஆடப் போன நேரமாப் பாத்து, மூங்கிலைப் பிரிச்சுக்கிட்டுத் தப்பிச்சா.

மூணாவது பட்டணத்துல வானத்துலேருந்து பனி பஞ்சு பஞ்சா விழுது. "வைத்தியச்சி வந்திருக்கா!"ன்னு ஊரே திரண்டு, அவளை ஒரு பெரிய வைத்தியர் வீட்டுக்குக் கூட்டிப் போச்சு. பாத்தா, அந்த வீட்டுக் கதவுலயும் அதே ரெண்டு பாம்பு! அங்க அது மருந்துக் குறியாம்.

வீட்டு முத்தத்துல ஒருத்தன் வேர் இடிச்சுக்கிட்டிருந்தான். யாரு? முத்துக்கறுப்பனேதான்! "என்னங்க!"ன்னு ஓடினா. அவன் நிமிந்து பாத்து, "யாரும்மா நீங்க?"ன்னான். அவளுக்கு உசுரே போயிருச்சு. அந்த வைத்தியன், படுபாவி, தெனம் மறதிச் சாறு குடுத்து, கூலியில்லாத ஆளா வச்சிருந்தான்.

முத்துக்கறுப்பன் அவ கையைப் பாத்தான். "உங்க ஊர்ல இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

மூணு பட்டணத்துல இவன் ஒருத்தன்தான் கேட்டான்.

"காட்டுல ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு நின்னா நாங்க அடிக்க மாட்டோம். புதுத்துணியை மேல போட்டுட்டுத் தள்ளி நிப்போம். அதுங்க போனதும் அந்தத் துணியை எடுத்து..."

"பொட்டியில வச்சா குடும்பம் தழைக்கும்"னு அவன் முடிச்சான். முடிச்சிட்டு அவனே திகைச்சுப் போனான். "நாச்சி!"ன்னு அழுதான். அவளும் அழுதா.

அந்நேரம் பாத்து வைத்தியன் கிண்ணத்தோட வந்தான். "குளிருக்கு இதமா இருக்கும், குடிம்மா."

"அதைக் குடிச்சுத்தான் எல்லாம் மறந்தேன்"னு புருசன் அவ காதுல சொன்னான்.

அவ கூட்டத்தைப் பாத்து, "எங்க ஊர்ல மருந்து குடுக்கிறவரு மொதல்ல ஒரு மடக்கு குடிச்சுக் காட்டணும்"னா. அப்படி ஒரு வழக்கம் அவ ஊர்ல கிடையவே கிடையாது! அங்க யாரு போய்ப் பாக்கப் போறா? "நல்ல வழக்கந்தானே, குடிங்க வைத்தியரே"ன்னு எல்லாரும் சொல்ல, மானம் போயிருமேன்னு அவன் குடிச்சிட்டான்.

இவங்க ரெண்டு பேரும் கப்பலேறிட்டாங்க. கப்பல் கரை சேந்தது, கதையும் கரை சேந்தது. அடுத்தவங்க கையில இருக்கறதுக்கு அர்த்தம் தெரியலன்னா அவங்களையே கேளுங்கடா.

வைத்தியனா? இன்னும் பனியில தன் வீட்டு வாசல்லயே நிக்கறானாம். போறவங்க வர்றவங்களையெல்லாம் நிறுத்தி, "ஐயா, யாரு வீடு இது? கதவுல பாம்பு போட்டிருக்கே, உள்ள போகலாமா?"ன்னு கேக்கறானாம்.