மேட்டைக் கரைத்த முயல்

கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு முயல் குடியிருந்தது. காற்று என்றால் அங்கே அப்படி ஒரு காற்று. காலையில் பறக்கக் கிளம்பிய காகம் சாயங்காலமும் அதே பனைக்கு நேராகச் சிறகடித்துக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் காகத்தையே போய்க் கேளுங்கள், இன்னும் அங்கேதான் இருக்கும்.

அந்த முயலுக்கு ஒரே ஒரு சிநேகிதம். மாசி மாதம் முட்டையிட வந்த ஆமை. முட்டைகளை மூடிவிட்டு மேட்டடியில் இளைப்பாறியபோது, தான் பார்த்த கடல்களைப் பற்றியெல்லாம் ஆமை சொன்னது. முயல் வாயைப் பிளந்தபடி கேட்டது.

“அடுத்த மாசிக்கு வருவேன், தம்பி” என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போனது ஆமை.

அன்றிலிருந்து முயலுக்குப் புல் இறங்கவில்லை. வளை வாசலில் நின்றால் மேடுதான் தெரிந்தது, கடல் தெரியவில்லை. மேட்டின் மேல் ஏறிப் பார்க்கலாம் என்றால், பனையில் பருந்து காத்திருந்தது. ஆமை அக்கா வந்து, காத்திருந்து, திரும்பிப் போய்விட்டால்?

“இந்த மேடு ஒழிஞ்சால்தான் எனக்கு விடிவு” என்றது முயல்.

பக்கத்து வளை நண்டு கண்ணை நீட்டிப் பார்த்தது. “வே, மேட்டுல படர்ந்திருக்கிற அடப்பங்கொடிதான் மணலைப் பிடிச்சு வச்சிருக்கு. கொடி போனா மேடு நடக்க ஆரம்பிச்சிடும்.”

“நடக்கட்டும், அண்ணாச்சி. அதுதானே எனக்கு வேணும்.”

“நடந்து எங்கே போகும்னு யோசிச்சீரா?”

முயல் யோசிக்கவில்லை. நேராக ஆட்டு மந்தையிடம் போனது.

“மாமா, உங்க தாடி என்ன இப்படி இளைச்சுப் போச்சு? மேட்டுக் கொடியைத் தின்னா முழங்கால் வரைக்கும் வளருமாமே.”

கிடாவுக்குத் தாடி என்றால் உயிர். மந்தை முழுவதும் மேட்டில் ஏறிக் கொடியைத் தின்றது. தாடி வளரவில்லை, வயிறுதான் கலங்கியது. பெண் ஆடுகளும் ஏன் தின்றன என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

கடலிலிருந்து கொண்டல் காற்று எழுந்தது. மேடு நடந்தது. நண்டு நினைத்தபடியே முயலின் வளைக்குள்தான் நடந்தது. முயல் காலையில் தோண்டிய வாசல் மாலைக்குள் மூடிப்போகும். கண்ணில் மணல், காதில் மணல். ஆனாலும் ஒருநாள் எதிரே நீலமாகக் கடல் தெரிந்தது. பட்ட பாடெல்லாம் முயலுக்கு மறந்துபோனது.

மாசியும் வந்தது. பொழுது சாயும் நேரம், அலைக்கு நடுவே ஆமையின் தலை எழுந்தது.

“அக்கா! இங்கே இருக்கேன்!”

எதிர்க்காற்று அந்தக் குரலை மேற்கே அள்ளிக்கொண்டு போய், ஊருக்குள் கறவை மாட்டைத் திடுக்கிட வைத்தது. ஆமைக்குக் கேட்கவில்லை. அது வடக்கே நீந்தியது, தெற்கே நீந்தியது, தலையைத் தூக்கித் தூக்கிக் கரையைப் பார்த்தது. பிறகு தலை தெரியவில்லை.

நண்டு ஈரத்தோடு ஓடி வந்தது. “உம்ம அக்காதான் வே. பொழுது சாயும்போது ஒட்டக முதுகு மாதிரி கறுப்பா ஒரு மேடு தெரியுமே, எங்கேன்னு கேட்டாள். இதுதான் அந்தக் கரைன்னு நானும் சொன்னேன். நண்டு பேச்சை நம்பி ஒரு தடவை வலைக்குள்ளே மாட்டினது போதும்னு போயிட்டாள்.”

முயல் திரும்பிப் பார்த்தது. கடல் நன்றாகத் தெரிந்தது. அதில் பார்க்கத்தான் யாரும் இல்லை.

மறுநாள் முயல், ஆடுகள் மிச்சம் விட்ட கொடித் துண்டுகளைத் தேடி, ஈர மணலில் புதைக்கத் தொடங்கியது. பசித்தபோதும் ஓர் இலையைக் கடிக்கவில்லை. கிடா எட்டிப் பார்த்தால், “வயித்தை நினைச்சுப் பாருங்க, மாமா” என்று திருப்பி அனுப்பியது. கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டது. பறந்து வந்த மணல் அதில் சிக்கித் தங்கியது. மழைகள் வந்து போயின. மாசிகளும் வந்து போயின. மேடு எழ எழ, கடல் கோடாகி, நூலாகி, ஒருநாள் மறைந்தே போனது.

“கடல் தெரியலைன்னு வருத்தமில்லையா?” என்றது நண்டு.

“இருக்கு, அண்ணாச்சி. ஆனா அவளுக்கு மேடு தெரியணுமில்ல.”

ஒரு மாசி மாலை. முயல் வளை வாசலில் காதைத் தூக்கி உட்கார்ந்திருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மணலை யாரோ துடுப்புப் போட்டுத் தள்ளுவது போல, சர்ரென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் கேட்டது.

“தம்பி, இருக்கியாடா?”

நமக்கு மறைக்கிறது என்று ஒன்றை அழிக்கும் முன், அது யாருக்கு வழி காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.