ஆவுடையம்மாளுக்கு ஒரு வரி

குரு சீடன் கதை என்றதும் ஆற்றங்கரை, தாடி, கமண்டலம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று. இடம், சங்கரன்கோவிலில் ஒரு சைக்கிள் கடை மாடி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மாதம் படித்தேன். இங்கிலீஷ் வரவில்லை. இந்தக் கதைதான் மிச்சம்.

குரு, பெனாசிர் மிஸ். சீடர், கோமதிநாயகம் அண்ணாச்சி. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் பஸ்ஸையே அதட்டிய வாய், இங்கிலீஷ் என்றால் மட்டும் பூட்டிக்கொள்ளும்.

அவர் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நாக்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். பெண் வீட்டாருக்குத் தமிழ் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு குடும்பமும் வீடியோவில் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. "நம்ம வீட்டு ஆளுங்களைப் பத்தி நீங்கதான்ப்பா சொல்லணும். ஆளுக்கு ஒரு வரி போதும்" என்று சொல்லிவிட்டான் மகன்.

மிஸ் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். குடும்பப் படம். அப்பா பையோடு ஆபீஸ் போகிறார். அம்மா சமைக்கிறாள். தாத்தா பேப்பர் படிக்கிறார். அக்கா பொம்மை வைத்து விளையாடுகிறாள். ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு வரி.

வியாழக்கிழமை அண்ணாச்சி எழுந்து நின்று, நோட்டைப் பார்த்து வாசித்தார். மை ஃபாதர் வாஸ் எ ஃபார்மர். மை ஒய்ஃப் சண்முகத்தாய். ஷி குக்ஸ் வெல். மை சன் ஈஸ் இன் பெங்களூர்.

"அருமை சார். வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"ஒரு அக்கா இருக்கா மிஸ்."

"அவங்களுக்கு வரி எங்க?"

அண்ணாச்சி படத்தைக் காட்டினார். "அந்தப் படத்துல அக்கா பொம்மை வச்சு வெளையாடுதா. எங்க அக்காவுக்கு எழுபத்தொம்பது வயசு."

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

"அவங்க பேரு என்ன சார்?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். "அக்கா... அக்கான்னே கூப்பிட்டுக் கூப்பிட்டு... ஆவுடையம்மாள், மிஸ்."

மிஸ் ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே சீட்டுகள். ஒரு சீட்டுக்கு ஒரு வேலை. சமைப்பது, குளிப்பாட்டுவது, சம்பாதிப்பது, பள்ளிக்கூடம் கூட்டிப்போவது, திட்டுவது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருப்பது, இப்படி. மேஜை மேல் சாக்பீஸால் அப்பா, அம்மா, அக்கா என்று மூன்று கட்டம் போட்டார்.

"சின்ன வயசுல உங்களுக்கு யாரு எதைச் செஞ்சாங்களோ, அங்க வைங்க."

அண்ணாச்சி சம்பாதிப்பதை அப்பாவுக்கு வைத்தார். சமைப்பதை எடுத்து அம்மா பக்கம் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு அக்காவுக்கு வைத்தார்.

"அம்மா போறப்ப எனக்கு நாலு வயசு மிஸ். அதே வருஷந்தான் அத்தானும் தவறிப்போயி அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தா. அவளுக்கு இருவத்திரெண்டு."

குளிப்பாட்டுவது அக்காவுக்குப் போனது. "கண்ணுல சீயக்கா போகாம குளிப்பாட்ட அவளுக்குத்தான் தெரியும்." திட்டுவது அக்காவுக்கு. "அப்பா ஒரு நாளும் வஞ்சதில்ல. பூராவும் இவதான். வஞ்சிட்டு, சட்டிக்கு அடியில ஒட்டுன சுண்டவத்தக் கொழம்புல சோத்தப் போட்டுப் பெரட்டித் தருவா. அப்பப்பா! இன்னும் நாக்குல நிக்கி மிஸ்."

பள்ளிக்கூடச் சீட்டை மட்டும் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் உள்ள போக மாட்டேன்னு கத்துவேன். வாசல்ல ஒரு வேப்பமரம். எனக்குக் கண்ணுக்குத் தெரியுத மாதிரி அது அடியில உக்காந்துருப்பா. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. ஒரு மாசம். போறவன் வாறவன்லாம் கேலி பண்ணுவான். எந்திரிக்க மாட்டா."

அந்தச் சீட்டும் அக்காவுக்கே போனது. அம்மா கட்டம் காலியாகக் கிடந்தது. அக்கா கட்டத்தில் இடம் இல்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். நானும் கர்சீப்பைத் தேடினேன், சும்மா சொல்லக் கூடாது.

"இத்தனைக்கும் சேத்து ஒரே வரி என்ன மிஸ்?"

"அது அப்புறம். ஞாயித்துக்கிழமை அவங்க எங்க உக்காருவாங்க?"

"அடுப்படியில."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நல்ல காரியம்னா அவளே உள்ள போயிருவா. எங்க கல்யாணத்துக்கும் அப்படித்தான். நான் தாலி கட்டுனதை அவ பாக்கல. வான்னு கூப்பிட்டா, நான் எதுக்குடா அங்கன்னுவா. எப்படி மிஸ் வெளிய கொண்டாருதது?"

பெனாசிர் மிஸ் பள்ளிக்கூடச் சீட்டைத் திரும்ப எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க எப்படி சார் பள்ளிக்கூடத்துக்கு உள்ள போனீங்க?"

அதோடு வகுப்பை முடித்துவிட்டார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. அண்ணாச்சி சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே அவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் மிஸ்.

"பத்தரைக்கே அக்கா அடுப்படிக்குப் போயிட்டா. பின்னாலயே போனேன். யக்கா, இங்கிலீசு பேசணும், பயமா இருக்கு, கண்ணுக்குத் தெரியுத மாதிரி வந்து உக்காருன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தா. கைய முந்தானையில துடைச்சிக்கிட்டா. வந்துட்டா மிஸ்."

"பேசுனீங்களா?"

"எங்க பேச? பொண்ணோட அம்மா, அந்த நாக்பூரம்மா, அக்காவக் காட்டி யாருன்னு கேட்டாவ. எழுதி வச்சதெல்லாம் போச்சு. அக்கா கையப் புடிச்சிக்கிட்டு, மை அக்கா, மை அக்கான்னு ரெண்டு தடவ சொன்னேன். அதுக்கு மேல வரல. அழுதுட்டேன். மானம் போச்சுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அந்தம்மா திரும்பி, அவிய வீட்டு உள்பக்கம் பாத்துக் கூப்பிட்டாவ. ஒரு வயசான அம்மா வந்தாவ. நெத்தியில பொட்டு இல்ல. ஈரக்கை. அவியளும் அதுவர அடுப்படியிலதான் இருந்துருப்பாவ போல. பொண்ணுக்கு அத்தையாம். முன்னால நாற்காலி போட்டு உக்கார வச்சாவ. அந்த அத்தையும் எங்க அக்காவும் ஒருத்தரயொருத்தர் பாத்துக் கும்பிட்டுக்கிட்டாவ. அம்புட்டுத்தான். எங்க பேச்சு முடியுத வரைக்கும் ரெண்டு பேரும் கண்ண எடுக்கல மிஸ்."

கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். "ஒரு வரி கூட ஒழுங்கா சொல்லல. இந்தப் பாடத்தத் திருப்பிப் படிக்கணுமா மிஸ்?"

மிஸ் சீட்டை டப்பாவில் போட்டு மூடினார்.

"அந்த அத்தை பேரு என்ன சார்?"

அண்ணாச்சி விழித்தார். "கேக்கலையே மிஸ்."

"கேட்டுட்டு வாங்க. அதுதான் வீட்டுப்பாடம்."