மாயழகுவின் நிரல் நின்ற கதை

மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு ஜெசிந்தாவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சீடர் மாயழகு நாற்பதைத் தாண்டியவர். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக ஓடி, முட்டி தேய்ந்த பிறகு பைதான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டவர். பஸ் போய்விட்டது, கண்டக்டர் புத்தி மட்டும் போகவில்லை. என்ன நடந்தாலும் வண்டி நிற்கக் கூடாது.

அவர் எழுதிய நிரலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி ரத்தம் கேட்டால், கொடையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் அது. எந்த சர்வர், எந்தப் பட்டியல், எந்தக் கடவுச்சொல் என்ற அமைப்புகளைக் கண்ட கோப்பிலெல்லாம் தூவி வைத்திருந்தார். ஏதாவது ஒன்றைக் கொடுக்க மறந்தால், நிரல் தானாகவே ஒரு மாற்று மதிப்பைப் போட்டுக்கொண்டு ஓடும். அதில் அவருக்குப் பெருமை தாங்காது.

புதிய சர்வருக்கு மாற்றிய அன்று, கொடையாளர் பட்டியல் எங்கே இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டார். நிரல் முணுமுணுக்கக்கூட இல்லை. சோதனைக்காக அவர் எழுதி வைத்திருந்த எண்ணை எடுத்துக்கொண்டது. அது அவருடைய சொந்த எண். ஊருக்குப் போக வேண்டிய அத்தனை செய்தியும் அவர் சட்டைப் பையில் சத்தம் அணைத்துக் கிடந்த போனில் வந்து குவிந்தது.

காலையில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் கிடைக்க மதியமாகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று கேட்ட பிறகுதான் மாயழகு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் பஸ்ஸுக்கே போயிர்றேன் மேடம். இது எனக்கு ஒத்து வராது."

"முட்டி விடுமா?" என்றாள் ஜெசிந்தா.

மாயழகு முட்டியைத் தடவிக்கொண்டார்.

"போறது இருக்கட்டும்ணே. ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தர் வந்து உள்ள உக்காந்திருக்காரு. அவருக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க."

மாயழகு படிவரை போய்த் திரும்பி வந்தார்.

"அவருக்குச் சீனி போடலாமா மேடம், வேணாமா?"

"ஏதோ ஒண்ணு வாங்கிட்டு வர வேண்டியதுதானே?"

"அதெப்படி? சுகர் உள்ள ஆளா இருந்தா?"

"அதைக் கேக்கவா இந்த முட்டியோட திரும்பி வந்தீங்க?"

"தெரியாம எப்படி மேடம் வாங்குறது?"

ஜெசிந்தா சிரித்தாள். "சீனி வேணாம்."

டீயைக் கொடுத்துவிட்டு வந்தவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார். சிதறிக் கிடந்த அமைப்புகளையெல்லாம் ஒரே கோப்புக்குக் கொண்டுவந்தார். மாற்று மதிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தார். தன் எண்ணை அழிக்கும்போது மட்டும் விசையைக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

ஓட்டிப் பார்த்தார். நிரல் எடுத்த எடுப்பிலேயே நின்றது. திரையில் ஒரே ஒரு வரி: கொடையாளர் பட்டியல் எங்கே என்று சொல்லப்படவில்லை.

மாயழகுவின் முகம் தொங்கிப்போனது.

"ஓட மாட்டேங்குது மேடம். நின்னுருச்சு."

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"நிக்கலைண்ணே. படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு. பதில் சொல்லி அனுப்புங்க."

மாயழகு அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டியல் இருக்கும் இடத்தை நிதானமாகத் தட்டினார்.

"போலாம், ரைட்," என்றார், நிரலிடம்.